மின் ஸ்கேட்போர்டுக்கு மவுண்டும் புல்லியும்: வரைபடத்திலிருந்து பட்டறை வரை

முதன்முதலில் மோட்டாரைப் போர்டில் பிடித்து நிறுத்தும் மவுண்டுக்கு வரைபடம் போட்டு, கோவையில் கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, எல்லா அளவுக்கும் பாயிண்ட் ஜீரோ ஒன்னு மில்லிதான் தப்பலாம்னு போட்டிருக்கீங்க, ராக்கெட் ஏதாச்சும் உடறீங்களா?” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று இடத்தில் வட்டம் போட்டார். “இது மூணும் கரெக்டா வரணும். மத்ததெல்லாம் கால் மில்லி முன்னப்பின்ன இருந்தா ஒண்ணும் ஆகாதுங்க.”

சக்கரப் புல்லியில் பேரிங் உட்காரும் குழி, மோட்டார் புல்லியின் துளை, மவுண்ட் தட்டு அச்சுக்குச் செங்குத்தாக நிற்பது. அந்த மூன்று வட்டங்கள் இவைதான். ஒவ்வொரு துல்லியத்துக்கும் பட்டறையில் காசு உண்டு. எங்கே மைக்ரான் பார்க்க வேண்டும், எங்கே ஸ்கேல் வைத்து அளந்தாலே போதும் என்று தெரிந்தால் செலவு பாதியாகக் குறையும், போர்டும் ஒழுங்காக ஓடும்.

இங்கே நான் சொல்லப்போவது பின்பக்கம் இரண்டு மோட்டார், பல்பெல்ட், 90 மி.மீ. சக்கரம் கொண்ட போர்டைப் பற்றி. கியர் டிரைவும் செய்யலாம்தான். ஆனால் கியரில் மைய தூரம் கொஞ்சம் பிசகினாலே கத்தும், பல் தேயும். பெல்ட் கொஞ்சம் பொறுத்துப்போகும். முதல் போர்டுக்கு அதுவே நல்லது. பேட்டரியும் கன்ட்ரோலரும் தனிக்கதை, இங்கே தொடவில்லை.

முதலில் கணக்கு

பொருள் வாங்கும் முன் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: மோட்டாரின் கே.வி., பேட்டரி வோல்ட், இரண்டு புல்லிகளின் பற்கள், சக்கர விட்டம்.

பலரும் வாங்கும் 6374 மோட்டாரை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 63, நீளம் 74 மி.மீ. 190 கே.வி. என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 190 சுற்று. தொடராகப் பத்து லித்தியம் செல் போட்ட பேட்டரி சராசரியாக 36 வோல்ட் தரும். ஆக 6840 சுற்று. மோட்டாரில் 16 பல், சக்கரத்தில் 36 பல் என்றால் விகிதம் 2.25. சக்கரம் நிமிடத்துக்கு 3040 முறை சுற்றும். 90 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 283 மி.மீ. ஓடும். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 51 கிலோமீட்டரைத் தாண்டும். ஆள் ஏறி நின்றால் இதில் ஐந்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியும் நாற்பதுக்கு மேல். புதிதாக ஏறுகிறவருக்கு இது அதிகம். கன்ட்ரோலரில் வரம்பு போட்டுவிடுங்கள். பல்லை மாற்றி வேகத்தைக் குறைத்தாலும் சரிதான், இழுவை கூடும்.

இழுவைக்கும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 9.55-ஐ கே.வி.யால் வகுத்தால் ஒரு ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்று வரும். நம் மோட்டாருக்கு 0.05. முப்பது ஆம்பியர் கொடுத்தால் 1.5 நியூட்டன் மீட்டர். விகிதம் 2.25 பெருக்கி, சக்கர ஆரம் 0.045 மீட்டரால் வகுத்தால் ஒரு சக்கரத்துக்கு 75 நியூட்டன், இரண்டுக்கும் சேர்த்து 150. ஆளும் போர்டுமாக 84 கிலோ என்றால், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் மேட்டில் கீழே இழுப்பது சுமார் 82 நியூட்டன். மேடு ஏறும், மிச்சமும் இருக்கும்.

அதே 1.5 நியூட்டன் மீட்டர் சின்னப் புல்லியின் பல்லில் சுமார் 118 நியூட்டனாக பெல்ட்டை இழுக்கிறது. சட்டென்று பிரேக் போட்டால் இது இரட்டிப்பாகலாம். அதனால்தான் 9 மி.மீ. அகல பெல்ட் அடிக்கடி பல் இழக்கிறது. 15 மி.மீ. அகலத்தில் எச்.டி.டி. 5எம் பெல்ட் போடுங்கள். 5எம் என்றால் பல்லுக்குப் பல் 5 மி.மீ. இடைவெளி, உருண்டைப் பல்.

மைய தூரத்தை பெல்ட் சொல்லட்டும்

மவுண்டை வரைந்துவிட்டு பெல்ட் தேடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் செய்தேன். எனக்கு வேண்டிய நீளத்தில் பெல்ட்டே இல்லை. கடையில் என்ன நீளம் கிடைக்கிறது என்று பார்த்து, இரண்டு மூன்று உதிரியும் வாங்கிக்கொண்டு, அப்புறம் வரையுங்கள்.

பல்லின் எண்ணிக்கையை 5-ஆல் பெருக்கி 3.1416-ஆல் வகுத்தால் அந்தப் புல்லியின் பிட்ச் விட்டம். 16 பல்லுக்கு 25.46, 36 பல்லுக்கு 57.30. பெல்ட் நீளம் என்பது மூன்று துண்டுகளின் கூட்டுத்தொகை: இரண்டு புல்லிகளின் மைய தூரத்தின் இரு மடங்கு, இரண்டு விட்டங்களையும் கூட்டி 1.571-ஆல் பெருக்கியது, விட்டங்களின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி மைய தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தது. 265 மி.மீ. பெல்ட்டுக்கு இதைத் திருப்பிப் போட்டால் மைய தூரம் 65.5 மி.மீ. வரும். இந்த அமைப்பில் சின்னப் புல்லியை பெல்ட் சுமார் 152 பாகை சுற்றிப் பிடிக்கிறது. முழுசாக ஆறு பல் கடித்திருக்கும். ஆறுக்குக் கீழே போகாதீர்கள்.

இங்கே புதியவர்கள் விழும் ஒரு குழி உண்டு. 25.46 என்பது பிட்ச் விட்டம், புல்லியின் வெளி விட்டம் இல்லை. பிட்ச் கோடு பெல்ட்டின் உள்ளே ஓடும் நூல்களின் நடுவில் இருக்கிறது. 5எம் பெல்ட்டில் வெளி விட்டம் அதைவிட 1.14 மி.மீ. குறைவு, அதாவது 24.32. பிட்ச் விட்டத்தையே வெளி விட்டமாக வரைந்தால் புல்லியின் பல் இடைவெளி பெல்ட்டோடு ஒத்துப்போகாது. கையால் சுற்றினால் தெரியாது. நூறு கிலோமீட்டரில் பெல்ட்டின் பல் உரிந்து வரும்.

மோட்டார் எந்தப் பக்கம் சாயும்

சக்கரத்தின் மையம் தரையிலிருந்து 45 மி.மீ. மேலே. மோட்டாரைப் படுக்கையாகப் பின்னுக்கு வைத்தால் அதன் மையமும் அதே உயரம். மோட்டாரின் ஆரம் 31.5. கழித்தால் தரைக்கும் மோட்டாருக்கும் 13.5 மி.மீ. தான் இருக்கும். நம் ஊர் வேகத்தடையை விடுங்கள், ஒரு ஜல்லிக்கல் போதும்.

25 பாகை மேலே தூக்கினால் மோட்டார் மையம் 27.7 மி.மீ. உயரும், தரை இடைவெளி 41 ஆகிவிடும். ஆனால் மோட்டாரின் உச்சி தரையிலிருந்து 104 மி.மீ.க்குப் போய்விடும். டெக்கின், அதாவது நாம் நிற்கும் பலகையின், அடிப்பாகம் அதற்கு மிகப் பக்கத்தில்தான் இருக்கும். அதோடு திரும்பும்போது டிரக்கின் (டெக்குக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் பாகம்) ஹேங்கர், அதாவது சக்கர அச்சைத் தாங்கும் குறுக்குக் கட்டை, டெக்கைப் பொறுத்துச் சாய்கிறது. ஒரு பக்க மோட்டார் மேலே வரும். இதைத் திரையில் பார்த்து நம்பாதீர்கள். அட்டையில் 63 மி.மீ. வட்டம் வெட்டி, டிரக்கில் ஒட்டி, போர்டின் ஓரத்தில் முழுப் பாரத்தோடு ஏறி நின்று பாருங்கள். டெக் முடிந்தபிறகு பின்னால் மோட்டார் வருகிற மாதிரி வைத்தால் இந்தத் தொல்லை குறைவு. டெக்குக்கு அடியில் முன்பக்கமாக வைத்தால் கல், தண்ணீர் அடி குறைவு, ஆனால் இடம் நெருக்கடி.

அகலத்தையும் பாருங்கள். இரண்டு 6374 வரிசையாக நின்றால் 148, இரண்டு தட்டு 16, நடுவில் குறைந்தது 5 இடைவெளி. இந்த மோட்டார்களின் வெளிக்கூடுதான் சுழலும், ஒன்றோடொன்று உரசக் கூடாது. உங்கள் ஹேங்கரில் அத்தனை இடம் இல்லையென்றால் 55 மி.மீ. நீளமுள்ள 6355-க்கு இறங்குங்கள்.

மவுண்ட்

8 மி.மீ. தடிப்பு, 6061-டி6 அலுமினியத் தட்டு. பழைய இரும்புக்கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத அலுமினியம் வளையும், டேப் போட்டு மரை வெட்டும்போது மரை பிய்யும்.

மவுண்டுக்கு இரண்டு துண்டு: ஹேங்கரைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப், மோட்டாரைத் தாங்கும் தட்டு. ஹேங்கர் பெரும்பாலும் சரியான உருளையாக இருக்காது. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு, வெளியே போகப்போக ஒல்லி. வட்டக் கிளாம்ப் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் பிரேக்கில் சுழன்றுவிடும். டிரக்கின் நுனியை ஸ்கேனர் மேல் நிறுத்தி, பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். அந்தப் படத்தை ஃப்ரீகேட் மாதிரி ஏதாவது ஒரு மென்பொருளில் போட்டு, ஸ்கேலை வைத்து அளவைச் சரிசெய்து, மேலே கோடு வரைந்தால் ஹேங்கரின் வடிவம் கையில். 3டி பிரிண்டில் 5 மி.மீ. தடிப்பில் ஒரு துண்டு எடுத்து மாட்டிப் பார்த்துத் திருத்துங்கள். எனக்கு நாலாவது துண்டுதான் சரியாக உட்கார்ந்தது. பிளாஸ்டிக் நாலு துண்டு போனால் டீக்காசு. அலுமினியம் போனால் மனசு தாங்காது.

கிளாம்ப்பில் 2 மி.மீ. பிளவு விட்டு, இரண்டு எம்6 போல்ட்டால் இறுக்குகிற மாதிரி வரையுங்கள். டிரக்கில் வெல்டிங் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் சூடு பட்ட இடத்தில் வார்ப்பு அலுமினியம் பலம் இழக்கும். ஆள் நிற்கிற பாகம் அது. நான் வைக்க மாட்டேன்.

மோட்டார் துளைகள் 63 வகையில் பொதுவாக 44 மி.மீ. வட்டத்தில் நான்கு எம்4. இருந்தாலும் கைக்கு வந்த மோட்டாரை வெர்னியரால் அளந்துவிட்டே வரையுங்கள். அந்த நான்கையும் வட்டத் துளையாகப் போடாமல், மையங்களைச் சேர்க்கும் கோட்டின் திசையில் 8 மி.மீ. நகர்கிற ஸ்லாட்டாகப் போடுங்கள், 4.3 மி.மீ. அகலம். பெல்ட்டை இறுக்கவும் கழற்றவும் அதுதான் வழி. இதெல்லாம் கால் மில்லி வேலை. வாட்டர்ஜெட்டோ லேசரோ போதும்.

பட்டறைக்காரரின் முதல் வட்டம் இங்கே வருகிறது: தட்டின் முகம் சக்கர அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். தட்டின் குறுக்கே 60 மி.மீ. தூரத்தில் 0.1 மி.மீ.க்கு மேல் சாயக் கூடாது. அதனால் கிளாம்ப்பின் உள்வடிவத்தையும் தட்டு வந்து உட்காரும் முகத்தையும் ஒரே பிடிப்பில், கழற்றி மாட்டாமல் மில்லிங் செய்யச் சொல்லுங்கள். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும்.

சக்கரப் புல்லி

வேலையில் கஷ்டமானது இதுதான். சக்கரம் யூரித்தேன், உள்ளே பிளாஸ்டிக் கோர். அதற்குள் 608 பேரிங் இரண்டு: துளை 8, வெளி விட்டம் 22, அகலம் 7. புல்லியைச் சக்கரத்தோடு பூட்ட வேண்டும், அதே சமயம் புல்லியின் பற்கள் சக்கர அச்சோடு ஒரே மையத்தில் சுற்ற வேண்டும். மையம் அரை மில்லி விலகினால் ஒரு சுற்றில் பெல்ட் ஒரு முறை இறுகி ஒரு முறை தளரும். ஓட்டினால் பாதத்தில் ஒரு துடிப்பு தெரியும்.

பலர் செய்வது போலப் புல்லியைக் கண் அளவில் சக்கரத்தின் மேல் வைத்து, துளை போட்டு போல்ட் அடிப்பது வேண்டாம். புல்லிக்குள்ளேயே ஒரு 608 குழி வையுங்கள். சக்கரத்தின் உள்பக்க பேரிங்கை எடுத்துவிட்டு, அந்த வேலையைப் புல்லியின் பேரிங் செய்யட்டும். அப்போது மையத்தை அச்சே பார்த்துக்கொள்ளும். போல்ட்டோ, கோரின் ஓட்டைகளில் நுழையும் விரல்களோ, முறுக்கு விசையை மட்டும் கடத்தினால் போதும். போல்ட் முறை என்றால், புல்லி, சக்கரம் இரண்டையும் பேரிங்கோடு ஒரு 8 மி.மீ. கம்பியில் கோத்து, புல்லியின் துளை வழியாகவே கோரைத் துளையுங்கள்.

பேரிங் குழியை எவ்வளவு இறுக்கமாக வைப்பது? தண்ணீர் பம்ப் மோட்டாரில் அச்சு சுழலும், பேரிங்கின் உள்வளையம் இறுக்கம். நம்மிடம் அச்சு நிற்கிறது, வெளிவளையம்தான் சுழல்கிறது. பாரம் கீழேயிருந்து ஒரே திசையில் வருவதால் வெளிவளையம் தளர்வாக இருந்தால் குழிக்குள் மெல்ல மெல்ல ஊர்ந்து அலுமினியத்தைத் தின்றுவிடும். அதனால் 22 மி.மீ. குழியை 21.98-க்குப் பக்கமாகக் கேளுங்கள். வரைபடத்தில் என்7 என்று எழுதினால் பட்டறையில் புரிந்துகொள்வார்கள். பேரிங்கை வைஸில் வெளிவளையத்தின் மேல் மட்டும் அழுத்தி ஏற்றுங்கள். உள்வளையத்தை அழுத்தினால் குண்டுகள் தடம் பதித்துவிடும். புது பேரிங் அன்றைக்கே கரகரக்கும். குழியும் பற்களும் ஒரே மையத்தில் இருக்க 0.03 மி.மீ. கேட்கலாம். இது இரண்டாவது வட்டம்.

பேரிங்கை இடம் மாற்றியதால் நடுவில் இருந்த ஸ்பேசர் இனி பொருந்தாது. இரண்டு உள்வளையங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, 8.1 துளை, 12 வெளி விட்டத்தில் ஒரு குழாயை லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். நீளம் அளந்ததைவிட 0.05 கூட இருக்கலாம், குறையக் கூடாது. ஸ்பேசர் இல்லாமல் நட்டை இறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நசுங்கும். சக்கரம் சுத்தவில்லையே என்று மோட்டாரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மோட்டார் புல்லி

சின்னப் புல்லியின் ஒவ்வொரு பல்லும் பெரியதைவிட 2.25 மடங்கு அதிகமாக பெல்ட்டைக் கடிக்கிறது, தேய்மானமும் அதே கணக்கு. அதனால் பெரியது அலுமினியம், சின்னது இ.என்.8 ஸ்டீல்.

பல்லை நீங்களே வெட்டவேண்டியதில்லை. சின்னத் துளையோடு ஸ்டாக் புல்லி கிடைக்கும். அதை வாங்கித் துளையை மட்டும் பெரிதாக்கலாம். லேத்தில் பிடிக்கும்போது டயல் கேஜ் வைத்து மையம் பார்த்துத்தான் துளை போட வேண்டும். 8 மி.மீ. அச்சுக்கு எச்7, அதாவது 8.000 முதல் 8.015 வரை. இது மூன்றாவது வட்டம்.

அச்சில் 3 மி.மீ. கீ (புல்லி வழுக்காமல் பூட்டும் சின்னக் கட்டை) இருந்தால் புல்லித் துளையில் அது உட்காரும் பள்ளம், அதாவது கீவே, போடுங்கள். வெறும் செட் ஸ்க்ரூவை நம்பினால் பிரேக்கில் அச்சைக் கீறிக்கொண்டு சுழலும். கீவே போட்டபின் சுவர் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். 16 பல் புல்லியில் பல் அடிவிட்டம் சுமார் 20. துளை 8, கீவே ஆழம் 1.4 போக ஒரு பக்கம் 4.6 மி.மீ. மிஞ்சும். நல்ல பலம். இழுவைக்கு ஆசைப்பட்டு 12 பல்லுக்குப் போனால் ஒன்றரை மி.மீ. தான். அங்கே கீவே மூலையில் பிளக்கும்.

36 பல் மாதிரி பெரிய புல்லி வேண்டிய வடிவத்தில் கிடைக்காவிட்டால் வயர் கட்டுக்குப் போங்கள். கோவையில் டை, மோல்டு செய்கிற பட்டறைகளில் இது சாதாரணம். கம்பியிலிருந்து வரும் மின்பொறி உலோகத்தை வெட்டுவதால் தள்ளுவிசை இல்லை, உருண்டைப் பல் அப்படியே வரும். வெட்டும் நீளம், தடிப்பு இரண்டையும் வைத்துத்தான் காசு. டி.எக்ஸ்.எஃப். வரைபடக் கோப்பைக் கொடுக்கும்போது அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

பூட்டுதல்

மோட்டார் போல்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள். என் முதல் மோட்டார் செத்தது சாலையில் இல்லை, மேஜை மேல். எம்4 போல்ட் 16 மி.மீ. நீளத்தில் இருந்தது, 14 போதும். கடைசிச் சுற்றில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. நன்றாகப் பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் முறுக்கினேன். நுனி உள்ளே காயிலில் போய் உட்கார்ந்து எனாமலை உரித்துவிட்டது. கழற்றிப் பார்த்தபோது போல்ட் நுனியில் செம்புப் பொடி ஒட்டியிருந்தது. வெர்னியரின் ஆழக்கம்பியால் மோட்டார் துளையின் ஆழத்தை அளந்து, தட்டின் தடிப்பையும் வாஷரையும் கூட்டி, ஒரு மில்லி குறைத்தே போல்ட் வாங்குங்கள்.

உலோகத்தில் போகும் எல்லா போல்ட்டுக்கும் லாக்டைட் 243, அதாவது மரை கழலாமல் பிடிக்கும் பசை, ஒரு சொட்டு. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு விடுங்கள், அப்போதுதான் நன்றாகப் பிடிக்கும். மோட்டார் புல்லி தட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக உட்கார்கிறதோ அவ்வளவு நல்லது. வெளியே தள்ளி நின்றால் பெல்ட் அச்சை வளைக்கும்.

ஸ்டீல் ஸ்கேலை இரண்டு புல்லிகளின் பக்கவாட்டிலும் சேர்த்து வைத்து நேர் பாருங்கள். பெல்ட்டைப் போட்டுக் கையால் சக்கரத்தை இருபது சுற்று சுற்றுங்கள். பெல்ட் ஒரே பக்கமாக ஊர்ந்துபோய் விளிம்பில் உரசினால் தட்டு சாய்ந்திருக்கிறது. குளிர்பான டின்னிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கிளாம்ப்பின் ஒரு ஓரத்தில் செருகிப் பாருங்கள். அது சுமார் 0.1 மி.மீ. இருக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று தெரிந்ததும் பட்டறையில் முகத்தைச் சீர்செய்யலாம்.

இறுக்கத்துக்கு, பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 3, 4 மி.மீ. இறங்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனை. ரிமோட் தெரியாமல் தட்டுப்பட்டால் விரல் புல்லிக்குள் போய்விடும்.

ஹெல்மெட், முழங்கால் கவசத்தோடு, வண்டி வராத மைதானத்தில் நடை வேகத்தில் ஓட்டி பிரேக் போட்டுப் பாருங்கள். “டக் டக்” என்று பல் தாண்டினால் அரை மில்லி இறுக்குங்கள். ரிமோட்டை விட்டதும் போர்டு உருளாமல் சட்டென்று நின்றால் இறுக்கம் அதிகம்.

முதல் ஐந்து கிலோமீட்டர் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தட்டின் மேல் கறுப்பு ரப்பர் தூள் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, புது பெல்ட் அப்படித்தான். ஒரே ஓரமாகக் குவிந்திருந்தால் நேர் பார்க்க வேண்டும். பளபளவென்று வெள்ளித் தூள் கலந்திருந்தால் அது அலுமினியம். எங்கேயோ பேரிங் குழியோ புல்லி விளிம்போ தேய்கிறது. அன்றைக்கே கழற்றிப் பாருங்கள்.